எண்ணெய் அடிக்குமுன் தத்தியைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்புப் படுவான்கரை வயல்களில் அறக்கொட்டியான், அதாவது நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் கபிலத் தத்தி, பரவுவது பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த செய்தியில், எந்த எண்ணெயை (பூச்சிமருந்தை) எவ்வளவு அடிக்க வேண்டும் என்று விபரமாக இருந்தது. அடிக்குமுன் பயிரின் அடியைக் குனிந்து பாருங்கள் என்று ஒரு வரி இல்லை. அதற்காகவே எழுதுகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பிக்கிறேன். வெல்லாவெளிப் பக்கம் அப்பாவின் வேளாண்மையையும் நான்தான் பார்க்கிறேன்.

கதிர் வெளிவருமுன் உள்ள குடலைப் பருவத்தில் பயிரை விலக்கி, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பார்த்தால் தத்திகள் அப்பிக்கொண்டிருக்கும். சிலவற்றின் வயிற்றுப் பக்கத்தில் கடுகு ஒட்டியதுபோல ஒரு கருஞ்சாம்பல் பை பிதுங்கி நிற்கும். அதற்குள் வளர்வது ஒரு குளவியின் புழு. தலை தத்தியின் உடம்புக்குள் இருக்கும். மிச்ச உடம்பை மூடியிருக்கும் பை, புழு கழற்றிய தோல்களாலேயே ஆனது. முதிர்ந்ததும் பையைப் பிளந்து வெளியேறி இலையில் கூடு கட்டும். தத்தி செத்துப்போகும். அதற்கு முன்பே பெரும்பாலும் முட்டையிடும் தன்மையை இழந்துவிடும்.

ட்ரைனிடே என்ற குடும்பம் இது. உலகில் 1,800க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. எல்லாம் தத்தி வகைகளையே நம்பி வாழ்பவை. ஒட்டுண்ணிதான் என்றாலும், தேனீ, எறும்பு, கொட்டும் குளவி ஆகியவற்றுக்கே நெருங்கிய உறவு. பல இனங்களில் பெண்ணுக்கு இறக்கையே கிடையாது. மூன்று மில்லிமீற்றர் அளவில் ஓடித்திரிவதைப் பார்த்தால் எறும்பென்றே நினைப்போம். முன்காலைக் கவனியுங்கள்: கடைசிக் கணுவும் ஒரு நகமும் சேர்ந்து இடுக்கியாக இருக்கும். அதால் தத்தியைப் பிடித்து, கொட்டிச் சற்று நேரம் அசையாமல் செய்து, முட்டை வைக்கும். பசித்தால் தத்தியையே தின்றும் விடும். ஆணுக்கு இறக்கை உண்டு, இடுக்கி இல்லை. இப்படி வேறுபட்டிருப்பதால் ஒரே இனத்தின் ஆணுக்கும் பெண்ணுக்கும் வகைப்பாட்டாளர்கள் வேறுவேறு பெயர் வைத்ததும் உண்டு. இப்போது டி.என்.ஏ. பார்த்துச் சோடி சேர்க்கிறார்கள்.

சரி, எண்ணெய் அடித்தால் என்ன நடக்கிறது? தத்தியின் முட்டைகள் இலைமடலின் சதைக்குள் பத்திரமாக இருக்கும். சிலந்தியும் இந்தக் குளவியும் வெளியே நின்று சாகும். ஒரு கிழமை கழித்துப் பொரிக்கிற குஞ்சுகளைத் தின்ன வயலில் ஆள் இருக்காது. இந்தோனேசியாவில் இது முற்றித்தான் 1986இல் நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிமருந்துகளை அரசே தடைசெய்தது.

எண்ணெயே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. வயல் வட்டம் வட்டமாகக் கருகத் தொடங்கினால் அடிக்கத்தான் வேண்டும். ஆனால் எங்கள் வட்டையில் (வயல்வெளியில்) பக்கத்து வயல்காரர் அடித்துவிட்டார் என்பதற்காகவே அடிப்பவர்கள் அதிகம். எனக்குக் கிடைத்த துண்டுப்பிரசுரங்களிலும் தத்தியின் படம் மட்டும்தான் பெரிதாக இருக்கிறது. பை தள்ளிய தத்தியையும் இறக்கையில்லாத பெண் குளவியையும் அதன் பக்கத்தில் போட வேண்டும். பெரும்போகம் தொடங்குமுன் உங்கள் விவசாயப் பக்கத்தில் அந்தப் படங்களை நீங்கள் முதலில் போடுவீர்களா?

உயிரியல் ஆசிரியை,
மண்டூர்