பவல் ஏரிப் பாய்மரப் பயணம்: இந்த அக்டோபரில் என்ன மாறுகிறது, ஏன்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

அக்டோபர் பயணத்துக்குப் பேர் கொடுத்தவர்களில் பாதிப் பேராவது இந்த இரண்டு வாரத்தில் பீனிக்ஸில் இருக்கிற எங்கள் வாடகைப் படகுக் கடைக்குப் போன் செய்து, "ரெயின்போ பிரிட்ஜ் ஏன் இந்த முறை இல்லை?" என்று கேட்டுவிட்டீர்கள். (புதியவர்களுக்கு: அது ஏரியோரத்தில் இருக்கிற பெரிய கல் வளைவு.) இன்னும் சிலர், "இடம் குறைஞ்சிருக்கு, காசு மட்டும் எப்படிக் கூடிச்சு?" என்றும் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். போனில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு துண்டாகப் பதில் சொல்லி, யாருக்கு எதைச் சொன்னோம் என்று எங்களுக்கே குழம்பிவிட்டது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து எழுதியே அனுப்பிவிடுகிறோம். கொஞ்சம் நீளம். காபி வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல்முறை வருகிறவர்களுக்காக ஏரியைப் பற்றிக் கொஞ்சம். கொலராடோ ஆற்றை அரிசோனாவின் பேஜ் ஊருக்குப் பக்கத்தில் மறித்துக் கட்டியது கிளென் கேன்யன் அணை. 710 அடி உயரம். 1963-ல் தண்ணீர் தேக்கத் தொடங்கினார்கள். முதல் தடவையாக முழுசாக நிறைய 1980 ஆகிவிட்டது. ஒற்றைக் கையோடு 1869-ல் இந்த ஆற்றில் படகு விட்டுப் போன ஜான் வெஸ்லி பவலின் பெயரைத்தான் ஏரிக்கு வைத்திருக்கிறார்கள். நிறைந்திருந்தால் ஏரியின் நீளம் 186 மைல். ஏரி என்றதும் வட்டமாக ஒன்றை நினைத்துக்கொள்ளாதீர்கள். பாலைவனத்துப் பாறைப் பள்ளத்தாக்கு ஒன்றில் தண்ணீரை ஊற்றி, அதன் கிளை, கிளையின் கிளை எல்லாவற்றிலும் நிறைய விட்ட மாதிரி இருக்கும். கரையை மட்டும் அளந்தால் 1,900 மைலுக்கு மேல் வருகிறது.

அந்தக் கணக்கெல்லாம் நிறைந்த ஏரிக்கு. நிறைந்த மட்டம் என்பது கடல் மட்டத்திலிருந்து 3,700 அடி. 2023 ஏப்ரலில் அது 3,519 அடிக்கு இறங்கியது. அதாவது 180 அடி. பதினைந்து மாடிக் கட்டடத்தை நிறுத்தி வைத்து, அவ்வளவு தண்ணீர் போய்விட்டது என்று நினைத்துப் பாருங்கள். சிவப்புப் பாறையில் பழைய தண்ணீர் நின்ற உயரம் வரைக்கும் வெள்ளையாக ஒரு பட்டை தெரியும். நம் ஊர்ப் பித்தளைக் குடத்தில் உப்புத் தண்ணீர் நின்ற கறை மாதிரிதான், சுண்ணாம்புச் சத்து படிந்தது. போட்டோவில் அழகாக இருக்கும். படகு விடுகிற எங்களுக்கு அதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். போன வருஷம் படகை ஏற்றின மணல்திட்டு இந்த வருஷம் தண்ணீருக்குள் இருக்கலாம்; இல்லையென்றால் தலைக்கு மேலே இருபது அடி உயரத்தில், கையெட்டாமல் நிற்கலாம். எங்களிடம் எட்டு வருஷத்து வரைபடக் குறிப்பு இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முந்தியதை நம்பி ராத்திரி தங்க இடம் தேடுவதை விட்டுவிட்டோம்.

சரி, ரெயின்போ பிரிட்ஜ். வாவீப் படகுத் துறையிலிருந்து அது ஏறக்குறைய 50 மைல். மோட்டார் படகில் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பிவிடலாம். நம்முடையது 22 அடிப் பாய்மரப் படகு. நல்ல காற்றிலேயே மணிக்கு ஐந்து மைல்தான். காற்று இல்லாவிட்டால் பின்னால் மாட்டியிருக்கிற 6 குதிரைத்திறன் எஞ்சினைத்தான் நம்பவேண்டும். முன்பெல்லாம் வழியில் டாங்ளிங் ரோப் என்று ஒரு மிதக்கும் படகுத் துறை இருந்தது. ரோடு கிடையாது, தண்ணீர் வழியாக மட்டுமே போகமுடியும். அங்கே பெட்ரோல் கிடைக்கும், ஐஸ் கிடைக்கும், குளிர்ந்த ஐஸ்கிரீம் கூடக் கிடைக்கும். அது 2021-ல் மூடியது, இதுவரை திறக்கவில்லை. வாவீப், அதற்குப் பக்கத்து ஆன்டிலோப் பாயின்ட் துறை இரண்டையும் விட்டால் அடுத்த பெட்ரோல் மேலே ஹால்ஸ் கிராசிங், புல்ஃப்ராக் பக்கம்தான். அது 90 மைலுக்கும் மேலே. ஆகவே போக வர 100 மைலுக்கான பெட்ரோலை ஒவ்வொரு படகும் கேனில் சுமக்கவேண்டும். குழந்தைகள் உட்கார்ந்து முறுக்குத் தின்கிற இடத்துக்குக் கீழே நாலு கேன் பெட்ரோல் வைத்துக்கொண்டு போக எங்களுக்கு மனசு வரவில்லை.

இதோடு காசில் ராக் வெட்டுக்கால்வாய் விஷயமும் சேர்ந்துகொண்டது. வாவீப் விரிகுடாவிலிருந்து பெரிய ஏரிக்குப் போக அது ஒரு குறுக்குவழி. மட்டம் 3,580 அடியை ஒட்டி இறங்கினாலே அது அடைபட்டுவிடும். அப்போது அணைப் பக்கம் போய், பழைய ஆற்று வழியாக ஆன்டிலோப் தீவைச் சுற்றவேண்டும். கூடுதலாகப் பன்னிரண்டு மைல். அந்த இடத்தில் இரண்டு பக்கமும் செங்குத்துப் பாறைச் சுவர். ஒரு சுற்றுலாப் படகு கடந்து போனால் அதன் அலை இந்தச் சுவரில் மோதி, அந்தச் சுவரில் மோதி, பத்து நிமிஷம் அடங்காது. மோட்டார் படகுக்காரருக்கு அது ஒரு மணி நேரம். நமக்கு அரை நாள், வாந்தியோடு.

ரெயின்போ பிரிட்ஜைப் பார்க்கவேண்டும் என்று வைராக்கியமாக இருப்பவர்கள் பயணத்துக்கு முன்னாலோ பின்னாலோ தனியாக ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பார்க்கவேண்டிய இடம்தான், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. 290 அடி உயரத்துக்கு, ஒரே கல்லில், ஆறே அறுத்து விட்ட வளைவு. இந்த வட்டாரத்துப் பூர்வகுடிகளான நவஹோ மக்களுக்கு அது கோயில் மாதிரி. அடியில் நுழைந்து நடக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். கேட்டுக்கொண்டபடி நடந்துகொள்ளுங்கள்.

இனி, நாங்கள் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்த விஷயம். போன அக்டோபரில் வந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்கள் காதுக்கு அது வேறு வேறு உருவத்தில் வந்திருக்கும், ஒருவர் படகே முழுகிவிட்டது என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார். முழுகவில்லை. நடந்தது இதுதான்.

இரண்டாம் நாள் சாயங்காலம், பாட்ரே விரிகுடாவில் ஆறு படகும் ஒரு சின்னக் குடாவுக்குள் ஒதுங்கினோம். பகல் முழுக்கத் தென்மேற்குக் காற்று. அந்தக் குடாவின் தென்மேற்கே உயரமான பாறை, உள்ளே காற்றே இல்லை, மணல் பட்டு மாதிரி. கீலை, அதாவது படகின் அடியில் தொங்கும் தகட்டை, தூக்கிவிட்டு, படகின் மூக்கை மணலில் ஏற்றி, முன்னால் ஒரு நங்கூரத்தை மணலில் புதைத்து, பின்னால் ஒன்றைத் தண்ணீரில் போட்டோம். வானிலை முன்னறிவிப்பில் குளிர்க்காற்று முகப்பு ஒன்று வருவதும், காற்று திரும்பி வடமேற்கிலிருந்து அடிக்கும் என்பதும் இருந்தது. காலையில் படகுத் துறையில் பார்த்ததுதான். விடிந்த பிறகுதான் திரும்பும், அதற்குள் கிளம்பிவிடலாம் என்று கணக்குப் போட்டது நாங்கள். அந்தக் குடாவின் வாய் வடமேற்கைப் பார்த்து இருந்தது.

ராத்திரி ஒரு மணி வாக்கில் காற்று சுத்தமாக நின்றது. அந்த அமைதியில்தான் எனக்கு விழிப்பு வந்தது. பாய்மரத்தில் கயிறு தட்டுகிற சத்தம் இல்லாமல், படகின் வயிற்றுக்கடியில் தண்ணீர் மொடக் மொடக்கென்று குடிக்கிற சத்தம் மட்டும். பத்து நிமிஷம் கழித்து மறுபக்கத்திலிருந்து அடித்தது பாருங்கள். அலை நேராகக் குடாவுக்குள் வந்து படகுகளின் பின்புறத்தில் மோதியது. மணலில் நல்ல பிடி இருந்த ஐந்து படகு இடித்துக்கொண்டே நின்றன. கடைசிப் படகின் பின் நங்கூரம் விழுந்திருந்த இடத்தில் அடியில் மணலே இல்லை, வழுவழுப்பான பாறைப் பலகை. நங்கூரம் சறுக்கிப் படகு குறுக்கே திரும்பி, சுக்கான் பாறையில் மாட்டி இரண்டாகப் போனது. அதில் இருந்த குடும்பத்தை இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இறக்கினோம். ஒருவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, ஒரு குழந்தைக்குப் பயத்தில் காய்ச்சல். மறுநாள் அந்தப் படகை இன்னொரு படகின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு திரும்பினோம். பாதி நாள் வீணாகிப்போன எல்லோருக்கும் பாதிக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். தப்பு எங்களுடையது. அந்த நேரத்துக் காற்றைப் பார்த்து இடம் தேர்ந்தெடுத்தோம். வரப்போகிற காற்றைப் பார்த்திருக்கவேண்டும்.

நம் கடற்கரையில் வாடை, சோழகம், கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயரும் பருவமும் உண்டு. அது வரும் என்று காத்திருக்கலாம். இந்தப் பாறைச் சந்துகளில் ஒரே காற்று ஒரு வளைவில் முகத்தில் அடிக்கும், அடுத்த வளைவில் முதுகில் அடிக்கும். பெயர் வைக்கிற அளவுக்கு எதுவும் நின்று நிதானிப்பதில்லை.

"கரையோரம் போகாமல் தண்ணீரிலேயே நங்கூரம் போட்டால் என்ன?" என்று ஒருவர் கேட்டிருந்தார். போடலாம், ஆழம் விட்டால். பல இடங்களில் கரையிலிருந்து பத்தடி தள்ளினாலே அறுபது அடி ஆழம். நங்கூரம் காற்றுக்குத் தாங்கவேண்டும் என்றால் ஆழத்தைப் போல ஏழு மடங்கு கயிறு விடவேண்டும். அறுபது அடிக்கு 420 அடிக் கயிறு. அவ்வளவு கயிற்றில் ஒரு படகு சுற்றிவர அந்தக் குடாவில் இடம் இருக்காது. ஆறு படகு என்றால் சொல்லவே வேண்டாம்.

அதனால் இந்த முறை நாலே படகு. ஒவ்வொன்றுக்கும் முன்பக்கம் இரண்டு நங்கூரம், இடதும் வலதுமாக விரித்து, மணலில் முழங்கால் ஆழக் குழி தோண்டிப் புதைக்கப்போகிறோம். மண்வெட்டி நாங்கள் கொண்டுவருவோம், தோண்டுகிற வேலையில் எல்லோருக்கும் பங்கு உண்டு. ராத்திரி சுக்கானைக் கழற்றி உள்ளே வைத்துவிடுவோம். உபரியாகவும் ஒன்று வரும். தினமும் ஓடாமல், பாட்ரே விரிகுடாவில் ஒரே இடத்தில் முகாம் போட்டு, அங்கிருந்து கன்சைட், லாஸ்ட் சான்ஸ் என்கிற குடாக்கள் பக்கம் பகலில் போய்த் திரும்புவோம். நாலு நாளில் ஒரு நாளை எதற்கும் ஒதுக்காமல் காற்றுக்கு விட்டிருக்கிறோம். தேசிய வானிலைச் சேவை ஏரிக்காற்று எச்சரிக்கை கொடுத்தால் அன்று படகு நகராது. "இவ்வளவு தூரம் வந்து சும்மா உட்கார்ந்திருக்கவா?" என்று யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. சீட்டுக்கட்டு எடுத்து வாருங்கள். பள்ளத்தாக்குக்குள் செல்போன் எடுக்காது, படகுக்குப் படகு பேசுகிற வி.எச்.எஃப். வானொலி கூட வளைவு திரும்பினால் கேட்காது. ஆகவே படகுகள் ஒன்றையொன்று கண்ணில் வைத்துக்கொண்டுதான் போகவேண்டும்.

கட்டண விஷயத்துக்கு வருகிறேன். ஆளுக்கு 60 டாலர் கூடியிருக்கிறது. அதில் பெரும்பகுதி ஒரு சிப்பிக்குப் போகிறது. குவாகா என்று நகத்தளவு சிப்பி. பத்து வருஷத்துக்கு மேலாக இந்த ஏரியில் பெருகிக் கிடக்கிறது. எஞ்சினின் குளிர்நீர்க் குழாயில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஏரிக்குப் போய்விடும். அதனால் ஏரியை விட்டு ஏறும் படகை வடித்து, கழுவி, காயவைக்கவேண்டும் என்பது சட்டம். இலையுதிர் காலத்தில் பக்கத்து மாநிலமான யூட்டாவின் கணக்குப்படி 18 நாள் காயவேண்டும். அந்த 18 நாளும் நாலு படகும் கடைக் கொல்லையில் அடைப்பானைப் பிடுங்கிவிட்ட நிலையில், வாடகை வராமல் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். முன்பு ஆறு படகின் தலையில் பிரித்த செலவை இப்போது நாலில் பிரிக்கிறோம். மீதி, இரண்டாவது நங்கூரங்கள்.

வீட்டுப் பெண்கள் தனியாக அழைத்துக் கேட்டது கழிப்பறை பற்றி. ஒவ்வொரு படகிலும் ஒரு பெட்டிக் கழிப்பறை இருக்கிறது, முகாமில் கூடாரம் போட்டு இன்னொன்று வைப்போம். கரையில் மண்ணைத் தோண்டி மூடுகிற கதை இங்கே சட்டப்படி நடக்காது, எல்லாவற்றையும் சுமந்து திரும்பவேண்டும். சுத்தம் செய்கிற வேலை எங்களுடையது, அந்தக் கவலை வேண்டாம்.

சாப்பாட்டுக்கு வழக்கம்போல முதல் இரண்டு நாள் புளியோதரையும் சப்பாத்தியும், அப்புறம் கரையில் அடுப்பு. இங்கே அண்டங்காக்கைகள் ஜிப் திறக்கும். இது வேடிக்கைக்குச் சொன்னதில்லை. போன வருஷம் ஒருவரின் பையில் ஜிப்பை இழுத்துத் திறந்து, அதிரசப் பொட்டலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. ஆகவே மூடி இறுகும் டப்பாவில் கொண்டுவாருங்கள்.

கடைசியாக, கைக்கடிகாரம். அரிசோனா கோடை நேரத்துக்குக் கடிகாரத்தை மாற்றாது. யூட்டா மாற்றும், நவஹோ நிலமும் மாற்றும். பேஜ் இந்த மூன்றுக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பதால் உங்கள் செல்போன் எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். போன வருஷம் ஒரு குடும்பம் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து இருட்டில் காரில் உட்கார்ந்திருந்தது. வாவீப் துறையில் காலை 7 மணி என்றால் பீனிக்ஸில் நம் கடைச் சுவர்க் கடிகாரம் காட்டும் 7 மணி. போனில் தானாக மாறும் வசதியை வழியில் ஃபிளாக்ஸ்டாஃப் ஊரைத் தாண்டியதும் நிறுத்திவிடுங்கள்.

இவ்வளவையும் படித்த பிறகு வேண்டாம் என்று தோன்றினால், செப்டம்பர் 15-க்குள் சொல்லிவிடுங்கள். கட்டின பணம் முழுசாகத் திரும்ப வரும். வருகிறவர்கள் உயரத்தையும் எடையையும் எழுதி அனுப்புங்கள், உயிர்காப்புச் சட்டை அதை வைத்துத்தான் எடுத்து வைக்கவேண்டும். குழந்தைகளுக்கு வயசு போதாது, எடைதான் வேண்டும்.

அன்புடன்,
கடையிலிருந்து நாங்கள் இருவரும்