உரக்கூடத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

மக்கும் குப்பையை உரமாக்கும் கூடம் தடையின்றி நடக்கிறது. முதல் நன்றி, குப்பையைக் கையால் தொட்டுப் பிரிக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கு. கூடத்தின் வரைபடத்தைத் திருத்தியவர்கள் நீங்கள்தான். தரையில் குந்திப் பிரித்தால் முதுகும் முழங்காலும் போய்விடும், மேசை இடுப்பு உயரத்தில் வேண்டும் என்றீர்கள். எல்லோருக்கும் ஒரே அளவில் கையுறை வாங்கினால் சிறிய கை உள்ளவர்கள் கழற்றி வைத்துவிடுவார்கள், அப்போதுதான் கண்ணாடி கிழிக்கும் என்றீர்கள். உடைந்த கண்ணாடிக்கும் ஊசிக்கும் தனி டப்பா, ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகள் எல்லாம் நீங்கள் கேட்டு வந்தவை.

கூடத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு எப்படி நன்றி சொல்ல! இத்தகைய கூடங்கள் பெரும்பாலும் எதிர்த்துப் பேச வலுவில்லாதவர்களின் வாசலில்தான் வந்து விழுகின்றன. நீங்கள் விடவில்லை, நாற்றத்தை எப்படித் தடுப்பீர்கள் என்று எழுத்தில் பதில் கேட்டீர்கள். அந்தப் பதில்தான் இன்று கூடத்தின் நடைமுறை. ஈரம் மிகுந்து காற்றுப் புகாதபோதுதான் குவியல் நாறும். அதனால் சமையலறைக் கழிவு ஒரு கூடை என்றால் காய்ந்த இலையோ மரத்தூளோ இரண்டு மூன்று கூடை. கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுதான் வர வேண்டும். ஒழுகினால் காய்ந்ததைச் சேர்த்துக் கிளற வேண்டும். குவியல் நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றிலும் 1 மீட்டருக்குக் குறைந்தால் சூடு தங்காது. உள்ளே 55 பாகை செல்சியஸுக்குக் குறையாத சூடு 15 நாள் நிற்க வேண்டும், அதற்குள் 5 முறையாவது புரட்ட வேண்டும். இல்லையென்றால் நோய்க்கிருமிகள் பிழைத்துவிடும். குவியலிலிருந்து வடியும் கசிவுநீரைப் புதுக் குவியலில் மட்டுமே ஊற்றலாம். முதிர்ந்த உரத்தில் ஊற்றினால் கிருமி மறுபடி ஏறும். வெப்பமானிக் குறிப்பேட்டை உங்கள் வீட்டுப் பெண்களே எழுதுகிறார்கள். புகார் வந்த அன்றே குவியல் புரட்டப்படுகிறது. முதல் உரமும் உங்கள் தொட்டிச் செடிகளுக்கே.

தாளும் பிளாஸ்டிக்கும் உலோகமும் பொறுக்கிப் பிழைத்தவர்களின் உரிமையைக் காத்த சங்கத்தினருக்கும் நன்றி. மொத்தக் குப்பையையும் ஒரே ஒப்பந்ததாரரிடம் கொடுத்தால் சூழல் மேம்படலாம், ஆனால் அவர்கள் தெருவில் நிற்பார்கள். விற்பனைக்குரிய பொருள் அவர்களுக்கே என்று விதி எழுத வைத்தீர்கள். தராசும் எல்லோர் கண்ணில் படும்படி முற்றத்தில் இருக்கிறது.

சூழல் கேட்டின் சுமை எளியவர்கள் தலையில் மட்டும் விழக்கூடாது என்பதுதான் சுற்றுச்சூழல் நீதி. 1991இல் வாஷிங்டனில் கூடிய மாநாடு ஏற்ற 17 சுற்றுச்சூழல் நீதிக் கொள்கைகளில் ஒன்று, தேவையை ஆராய்வது முதல் மதிப்பிடுவது வரை எல்லாக் கட்டத்திலும் மக்கள் சம பங்காளிகள் என்கிறது. தினக்கூலிக்காரருக்குப் பகல் கூட்டம் என்றால் அந்தப் பங்கு வெறும் காகிதம். கூட்டத்தை மாலைக்கு மாற்றியவர்களுக்கும், கணக்கை உரக்க வாசித்துக் காட்டியவர்களுக்கும் மிக்க நன்றி.

மழைக்காலம் வருகிறது. காய்ந்த இலை மூட்டைகளை இப்போதே சேர்த்துத் தாருங்கள். நனையாத கொட்டகையில் இடம் ஒதுக்கியாயிற்று.

நன்றியுடன்,
உரக்கூடக் குழுவினர்