கான்கிரீட் காய்வதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வீடு கட்டுவோருக்காகத் தாங்கள் வெளியிட்ட சிறப்புப் பகுதியில், 'தளம் போட்ட மூன்று நாட்களில் கான்கிரீட் நன்றாகக் காய்ந்துவிடும். பிறகு கவலையின்றி அடுத்த வேலையைத் தொடங்கலாம்' என்று ஒரு வரி இடம்பெற்றிருக்கிறது. முப்பத்தோர் ஆண்டுகள் கட்டுமானத் தளங்களில் மேற்பார்வையாளராகவும், அதன்பின் பயிலகம் ஒன்றில் கட்டுமானப் பொருள்கள் பாடம் நடத்துபவனாகவும் இருந்து ஓய்வுபெற்ற எனக்கு, அந்த ஒரு வரியைத் தாண்டி மேலே படிக்க மனம் வரவில்லை.

தாங்கள் அறிந்ததுதான், கான்கிரீட் ஈரத் துணியைப் போலக் காய்ந்து கெட்டிப்படும் பொருளன்று. சிமெண்ட் தண்ணீருடன் வேதிவினை புரிந்து புதிய படிகங்களையும் பசைபோன்ற சேர்மங்களையும் உண்டாக்குவதால்தான் அது இறுகுகிறது. தண்ணீர் அதற்கு உணவு போன்றது; வினை முடியும் முன்பே தண்ணீர் வெளியேறிவிட்டால் இறுகுதல் பாதியில் நின்றுவிடும். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் கடலிலுள்ள எடிஸ்டோன் பாறைமேல் கலங்கரை விளக்கம் கட்ட வந்த பொறியாளர் ஜான் ஸ்மீட்டன், அலை ஓயாமல் அடிக்கும் இடத்தில் எந்தக் காரை பிடித்து நிற்கும் என்று தேடி, களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுப் பெற்ற சுண்ணாம்பு தண்ணீருக்கடியிலும் இறுகுவதைக் கண்டறிந்தார். அந்தக் கலங்கரை விளக்கம் 1759இல் கட்டி முடிக்கப்பட்டது. கடலுக்கடியில் காரை எப்படிக் காயும் என்று கேட்டுப் பார்த்தால் போதும், 'காய்தல்' என்ற சொல் இங்கே எவ்வளவு பொருந்தாதது என்பது விளங்கிவிடும். மூன்று நாட்களில் சாதாரண சிமெண்ட் கான்கிரீட் அடையும் வலிமை, 28 நாட்களில் அடைய வேண்டிய வலிமையில் பெரும்பாலும் பாதிகூட இராது.

ஒரு சொல்லுக்காக இவ்வளவு வருத்தமா என்று தாங்கள் கேட்கக்கூடும். அந்தச் சொல்லால் கெட்ட தளம் ஒன்றை நான் நேரில் பார்த்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு அது. தளம் போட்ட நான்காம் நாள் காலையில் மேல்பரப்பு வெளுத்துக் கிடந்தது. சுற்றிலும் பாத்தி கட்டித் தேக்கியிருந்த தண்ணீர் வற்றியிருந்தது. மேஸ்திரி உள்ளங்கையால் தளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "காய்ஞ்சிடுச்சு தம்பி, இனிமே தண்ணி எதுக்கு?" என்று சொல்லிப் பாத்தியைக் காலால் தட்டிவிட்டார். நீராற்றல், அதாவது கான்கிரீட் இறுகும்வரை அதை ஈரமாக வைத்திருத்தல், என்றால் என்ன என்பதற்குத் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு விடை எழுதியவன் நான். ஆயினும் அவருக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒரு வாக்கியம்கூட இல்லை, ஏனெனில் ஏன் தண்ணீர் விட வேண்டும் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஒரு மாதம் கழித்து அந்தத் தளத்தில் செருப்பைத் தேய்த்தால் வெண்தூள் கிளம்பியது. வலை பின்னியதுபோல் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தன. இரண்டாம் மழைக்காலத்தில், கம்பி செல்லும் தடத்திலேயே கூரையின் அடிப்பக்கம் பழுப்புக் கோடுகள் இறங்கின. அந்த மேஸ்திரி நேர்மையான மனிதர். அவர் எழுப்பிய சுவரில் தூக்குக் குண்டு நூலிழை விலகியதில்லை. அவர் கற்றிருந்த சொல் தவறானது, அவ்வளவுதான். அதே சொல்லைத் தாங்கள் அச்சில் ஏற்றி ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்பதே என் வேதனை.

இது முதல் முறையும் அன்று. சில ஆண்டுகளுக்கு முன் கட்டுமானத் தரம் பற்றிய கட்டுரை ஒன்றுக்கு, கலவை எந்திரத்துக்குள் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சும் தொழிலாளியின் படத்தைப் போட்டிருந்தீர்கள். இறுகிய பின் விடும் தண்ணீர் நல்லது, கலக்கும்போது அளவின்றி ஊற்றும் தண்ணீரே கான்கிரீட்டைக் கெடுக்கிறது என்று அன்றே எழுதினேன், கடிதம் வெளிவரவில்லை. தண்ணீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதமே வலிமையைத் தீர்மானிக்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர் டஃப் ஏப்ராம்ஸ் 1918இலேயே சோதித்து வெளியிட்டுவிட்டார். 50 கிலோ சிமெண்டுக்கு 25 லிட்டர் என்று கணக்கிட்ட கலவையில், கொட்டிப் பரப்ப எளிதாக இருக்கட்டும் என்று இன்னொரு 10 லிட்டரை ஊற்றினால், வலிமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கண்ணுக்கு அது தெரியாது. இளகிய கலவை சென்ட்ரிங்கில், அதாவது கான்கிரீட்டைத் தாங்கும் பலகை அடைப்பில், அழகாக நிரவிக்கொள்ளும், வேலையும் சீக்கிரம் முடியும்.

மாணவர்களுக்கான பக்கத்தில் வந்த வினாவிடையையும் குறிப்பிட வேண்டும். '1:2:4 என்பது என்ன?' என்று கேட்டு, 'சிமெண்ட், மணல், ஜல்லி' என்று விடை தந்து முடித்துவிட்டீர்கள். கன அளவா, எடையா, மணல் உலர்ந்ததா, ஈரமானதா என்பது எதுவும் அதில் இல்லை. என் வகுப்பிலும் பிள்ளைகள் இந்த மூன்று எண்களை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். ஒரு நாள் பாடநூலை மூடச் சொல்லிவிட்டு, ஓர் உயரமான கண்ணாடிக் குடுவையில் ஈரமணலை 200 மில்லிமீட்டர் உயரத்துக்கு நிரப்பினேன். மணலை வெளியே கொட்டி, குடுவையில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, அதே மணலை மீண்டும் சிறிது சிறிதாகப் போட்டுக் கம்பியால் குத்தினேன். மணல் 160 மில்லிமீட்டரில் படிந்து நின்றது. மணல் ஒரு பிடிகூடக் குறையவில்லை, உயரம் மட்டும் குறைந்துவிட்டது. ஈரம் மணல்துகள்களைத் தள்ளி நிறுத்துவதால் கன அளவு கால் பங்கு வரை ஊதிக் காட்டுகிறது, ஆகவே ஈரமணலைப் பெட்டியால் அளந்தால் நாம் நினைத்ததைவிடக் குறைந்த மணலே கலவையில் சேரும் என்று அன்று அவர்களே சொன்னார்கள். கடைசி வரிசையில் வாய் திறவாமல் இருக்கும் மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, முழுக்க நனைஞ்ச மணல் மட்டும் ஏன் ஊதலை?" என்று கேட்டாள். ஆண்டு முழுவதும் நான் நடத்திய பாடத்தில் கிடைக்காத மகிழ்ச்சி அந்தக் கேள்வியில் கிடைத்தது. பொருளைக் கையால் தொட்டுக் கற்பது புதிய முறையும் அன்று. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், மணலைக் கையில் தேய்த்தால் நறநறக்க வேண்டும், வெள்ளைத் துணியில் எறிந்து உதறினால் கறை தங்கக் கூடாது என்று எழுதிவைத்திருக்கிறார்.

அதே சிறப்புப் பகுதியின் கடைசிப் பத்தியில், விவரக்குறிப்புகள் பொறியாளர்களின் காகித வேலை, வீட்டுக்காரர் பொருளின் பெயரைத் தெரிந்துகொண்டால் போதும் என்று எழுதியிருப்பது என்னை இன்னும் புண்படுத்தியது. நான் மேற்பார்த்த ஒரு கட்டடத்தில், தூணின் கம்பிக்கு வெளியே 40 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்க வேண்டும் என்று வரைபடத்தில் தெளிவாக எழுதியிருந்தது. நான் வேறொரு கட்டுமான இடத்தில் இருந்த அன்று, கம்பிக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி விடும் கவர் கட்டைகள் வைக்காமலே பலகை அடைத்துக் கான்கிரீட் கொட்டிவிட்டார்கள். பலகையைப் பிரித்தபோது தூணின் அடியில் ஜல்லி தேன்கூடுபோல் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது, இரண்டு இடங்களில் கம்பியே வெளியே தெரிந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது கொத்தனார் அதன்மேல் கலவையைப் பூசி மறைத்துக்கொண்டிருந்தார். அந்த 40 என்ற எண்ணுக்குப் பின்னால் இருக்கும் காரணம் அவருக்குத் தெரிந்திருந்தால் பூசும் கரணை தானாக நின்றிருக்கும். கான்கிரீட்டின் காரத்தன்மைதான் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு மேல்பரப்பிலிருந்து மெல்ல உள்ளே இறங்கி அந்தக் காரத்தன்மையைப் போக்கிக்கொண்டே வருகிறது. அது கம்பியைத் தொடும் நாளைத் தள்ளிப்போடுவதற்காகவே அந்த 40 மில்லிமீட்டர். துருப்பிடித்த இரும்பு முன்னைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பதால், ஒருமுறை துருவேறத் தொடங்கினால் கான்கிரீட்டையே உடைத்துத் தள்ளிவிடும். இதைக் காகித வேலை என்று எழுத ஒருவருக்கு எப்படி மனம் வந்தது என்று எனக்குப் புரியவில்லை. தன் வீட்டின் தூணில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமையும் அறிவும் வீட்டுக்காரருக்கு வேண்டாமா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் வெளியிடுங்கள். 'காய்ந்துவிடும்' என்பதற்குப் பதிலாக 'இறுகத் தொடங்கும்' என்றும், மூன்று நாட்களோடு நிறுத்தாமல் குறைந்தது ஏழு நாட்களாவது தளத்தை ஈரமாக வைத்திருக்க வேண்டும் என்றும் நான்கு வரிகளில் எழுதினால் போதும். இடமிருந்தால் அந்தக் குடுவைச் சோதனையையும் மாணவர் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். படம் தேவையென்றால் கையால் வரைந்து அனுப்புகிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கட்டுமானப் பயிற்றுநர்