வடசேரியில் மூன்று பஸ்ஸை விட்ட பாட்டாவுக்கு

நாகர்கோவில் மக்களுக்கு வணக்கம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வடசேரி பேருந்து நிலையத்தில் என் முதுகுப்பையின் தோள் வார் அறுந்து, சாமான் சிதறிய கதையை இங்கே விரித்து எழுதவில்லை. பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் நீங்கள். பார்க்காதவர்களுக்கும் இதற்குள் சேதி முழுசாக வந்திருக்கும். இப்போது பையும் வீட்டில் இருக்கிறது, பையைச் சுமந்த ஆளும் வீட்டில். ஏழு மாதம் சுற்றிவிட்டு, ஊர் திரும்புவதற்கு முன் இரண்டே நாள் தங்கலாம் என்று இறங்கிய ஊர் உங்களுடையது. அழுக்குத் துணியைக்கூட இன்னும் எடுத்துப் போடவில்லை. முதல் வேலையாக இந்த மடல்.

இதில் பாதிக்கு மேல் ஒரு பாட்டாவை, உங்கள் ஊர்ப் பேச்சில் தாத்தாவை, பற்றித்தான். பெயர் கேட்டபோது சிரித்தாரே தவிர சொல்லவில்லை. கடற்கரை ஊர்க்காரர். மீன்வலை தைக்க நூல் வாங்க டவுனுக்கு வந்து, திரும்பிப் போக பஸ்ஸுக்கு நின்றவர். அறுந்து தொங்கிய தோள் வாரைப் பார்த்ததும் சிமெண்டு திண்டில் உட்கார்ந்து பையை மடியில் இழுத்துக்கொண்டார். ஒன்றரை மணி நேரம் தைத்தார். அதற்குள் அவர் ஊர் பஸ் மூன்று போய்விட்டது. ஒவ்வொன்று கிளம்பும்போதும் சொன்னோம். “பஸ்ஸு பின்னயும் வரும் மக்கா, இது அந்து கெடந்தா நீ எப்பிடிப் போவ?” என்பதுதான் பதில். காசு நீட்டிய கையை மடக்கி விட்டார். ஒரு சாயா மட்டும் வாங்கிக்கொண்டார்.

காசு வாங்காதவருக்கு எப்படிக் கடன் தீர்ப்பது? அவர் கை செய்ததை ஒன்று விடாமல் எழுதிவைக்கிறேன். முதுகுப்பையோடு அலைகிற யாருக்காவது உதவும்.

முதலில் அவர் தைக்கவே இல்லை. அறுந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். நூல் மட்டும் விட்டதா, துணியே கிழிந்ததா என்பதுதான் கேள்வி. நூல் மட்டும் விட்டிருந்தால் வேலை சுலபம். இங்கே துணி, பழைய ஊசி ஓட்டைகளின் வரிசையிலேயே கிழிந்திருந்தது. தபால் தலையை ஓட்டை வரிசையில் கிழிப்பது போலத்தான் அது. அந்த ஓட்டைகளிலேயே மறுபடி தைத்தால் மறுநாளே பிய்ந்துவிடும். அதனால் பழைய நூலையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு, கிழிசலிலிருந்து ஒன்றரை சென்டிமீட்டர் தள்ளி, நல்ல துணியில் ஆரம்பித்தார்.

அடுத்தது உள்பக்க ஒட்டு. வேன் ஓட்டும் அண்ணன் ஒருவர் வண்டியில் கிடந்த பழைய சீட் பெல்ட் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். வெயில் பட்டு வெளுத்திருந்த முனையைப் பாட்டா வெட்டி எறிந்தார். வெயில் தின்ற நாடாவில் பலம் இருக்காது. மிச்சத்தில் 15 சென்டிமீட்டர் எடுத்து, வெட்டிய இரண்டு முனையையும் தீக்குச்சியில் காட்டினார். உருகி மினுங்கியதும் தீயை எடுத்துவிட வேண்டும். கறுத்துப் போகும்வரை விட்டால் முனை நொறுங்கி, கையைக் குத்தும். இந்தத் துண்டைப் பையின் உள்ளே, வாருக்கு நேர் பின்னால், நெடுக்காக அல்ல, குறுக்காக வைத்தார். வார் கீழே இழுக்கும்போது பாரம் ஒரே இடத்தில் விழாமல் இரண்டு பக்கத் துணிக்கும் பிரிந்து போவது இதனால்தான். கடையில் தைப்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்த ஒட்டைத்தான்.

நூல் விஷயத்தில் பாட்டா ரொம்பக் கண்டிப்பு. பருத்தி நூல் வேண்டாம், வியர்வையில் உளுத்துவிடும். தங்கூசி என்கிற ஒற்றை இழைத் தூண்டில் நரம்பும் வேண்டாம், பார்க்கப் பலமாக இருந்தாலும் விறைப்பானது, முடிச்சு வழுகும், துணியை அறுக்கும். முறுக்கிய நைலான் நூல்தான் சரி. தன் வலைக்கு வாங்கிய கண்டிலிருந்தே இரண்டு இழை எடுத்தார். சாயாக் கடையிலிருந்து வந்த மெழுகுதிரித் துண்டில் நூலை மூன்று தடவை இழுத்தார். மெழுகு ஏறிய நூல் சிக்காது, தையலில் பதிந்து நிற்கும். ஊசிக்கு முதலில் வந்தது கோணி ஊசி. அதைத் திருப்பிக் கொடுத்தார். பெரிய ஊசி போட்டால் பெரிய ஓட்டை, பெரிய ஓட்டையிலிருந்துதான் அடுத்த கிழிசல் தொடங்கும். எதிர் தையல்கடை அக்கா கனத்த துணிக்கு வைத்திருந்த ஊசியைக் கொடுத்தனுப்பினார், அது பொருந்தியது. ஊசியின் பின்பக்கத்தை ஒரு ரூபாய் நாணயத்தால் அழுத்தித் தள்ளினார்.

தையல் இப்படி: 5 சென்டிமீட்டருக்கு 4 சென்டிமீட்டர் அளவில் ஒரு கட்டம், கட்டத்துக்குள் மூலைக்கு மூலை பெருக்கல் குறி. ஓட்டுத் தையலாகச் சுற்றிவந்து, வந்த வழியே திரும்பி, விட்ட இடைவெளிகளை நிரப்பினார். ஒரு தையலுக்கும் அடுத்ததற்கும் சுமார் 5 மில்லிமீட்டர். நெருக்கிப் போட்டால் மறுபடி தபால் தலைக் கதை. மிஷின் தையலில் மேல்நூலும் அடிநூலும் ஒன்றையொன்று கொளுவித்தான் நிற்கின்றன. ஒன்று அறுந்தால் வரிசை தளர்ந்துவிடும். கையில் இரண்டு தடவை போட்ட தையலில் ஒரு நூல் போனாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். நைலான் வழுகும் என்பதால் முடிச்சில் மூன்று சுற்று. மிச்ச நூலை 5 மில்லிமீட்டர் விட்டு வெட்டி, நுனியைச் சுட்டு உருக்கினார்.

முடித்ததும் பையைத் தோளில் மாட்டவிடவில்லை. பாதி சாமானை மட்டும் உள்ளே வைத்து, தூணில் இருந்த கொக்கியில் அந்த ஒரு வாரை மாட்டிப் பத்து நிமிடம் தொங்கவிட்டார். நூல் துணியை வெட்டுகிறதா, ஓட்டைகள் நீளுகின்றனவா என்று பார்த்தார். அப்புறம்தான் மிச்சச் சாமானை வைக்கச் சொன்னார்.

வார் ஏன் அறுந்தது என்பதையும் சொல்லியே அனுப்பினார். பையை ஒரு தோள் வாரைப் பிடித்து வெடுக்கென்று தூக்குவது முதல் காரணம். பஸ்ஸில் ஏற்றுபவர் கையில் கொடுக்கும்போது, மேலே நடுவில் இருக்கும் கைப்பிடியைக் காட்டிக் கொடுக்க வேண்டும். இரண்டாவது, இடுப்பு பெல்ட்டைத் தொங்கவிட்டு நடப்பது. பாரத்தில் பெரும்பங்கு இடுப்பில் இறங்க வேண்டும். இடுப்பு பெல்ட்டை முதலில் இறுக்கி, தோள் வாரை அப்புறம் இழுக்க வேண்டும். பலரும் தலைகீழாகச் செய்கிறோம். கனமான சாமான் முதுகை ஒட்டி, நடு உயரத்தில் இருக்க வேண்டும். மூன்றாவது உப்பும் ஈரமும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையும் பெய்கிற, கடல் காற்று ஓயாத மாவட்டத்தில் ஈரப் பையைக் கட்டிவைத்தால், உள்பக்கம் பூசிய பூச்சு பிசுபிசுத்து உரியும். நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைப்பதே வழி.

மற்றவர்களை மறக்கவில்லை. சீட் பெல்ட் கொடுத்த அண்ணன், ஊசி கொடுத்த அக்கா, மெழுகுதிரியும் இரண்டு மட்டிப்பழமும் கொடுத்துக் கணக்கில் எழுதாத சாயாக் கடைக்காரர், சிதறிய சாமானைப் பொறுக்கித் தந்த கல்லூரிப் பிள்ளைகள், இரவு பத்து மணிக்கு அறை திறந்துவிட்ட லாட்ஜ் அண்ணாச்சி. மறுநாள் திங்கள்கிழமை, பத்மநாபபுரம் அரண்மனைக்கு விடுமுறை. பையை லாட்ஜிலேயே வைத்துவிட்டுக் கன்னியாகுமரி போய் 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் வெறுந்தோளோடு நடக்க முடிந்தது அந்த அண்ணாச்சியால்தான். கோட்டாறு ரயில் நிலையம்வரை வந்து பெட்டியில் ஏற்றிவிட்ட ஆட்டோ தம்பிக்கும் நன்றி.

இனி எங்கே போனாலும் பையின் மேல் அறையில் ஒரு சிறு டப்பா இருக்கும். அதில் கனத்த ஊசி இரண்டு, முறுக்கு நைலான் நூல் 10 மீட்டர், விரல் நீள மெழுகு, ஒரு சாண் நாடா, தீப்பெட்டி. வழியில் யார் பை அறுந்து நின்றாலும் உட்கார்ந்து தைப்பேன், என் பஸ் போனாலும் சரி.

பாட்டா கிளம்பும்போது, “ஊரு சேந்தா ஒரு வார்த்த சொல்லிரு மக்கா” என்றார். போன் நம்பர் கேட்டதற்கு, “வடசேரியில சொன்னா எனக்கு வந்திரும்” என்று சொல்லி நாலாவது பஸ்ஸில் ஏறிவிட்டார்.

வடசேரிக்காரர்களே, அவரைப் பார்த்தால் சொல்லிவிடுங்கள். ஊர் சேர்ந்தாச்சு. ஒரு தையல்கூட விடவில்லை.