கோடைக் கடல் பேச்சுகளுக்குக் கை கொடுங்கள்

அனைவருக்கும் வணக்கம்.

கடலையும் கடலோர ஆற்று உயிர்களையும் பற்றிய பொதுப் பேச்சுகளை இந்தக் கோடையிலும் நடத்துகிறோம். வாரம் ஒரு மாலை, மொத்தம் 6. யார் வேண்டுமானாலும் வரலாம், கட்டணம் கிடையாது. அதை மாற்றும் எண்ணமும் இல்லை. அதனால்தான் நன்கொடை கேட்டு வருகிறோம்.

போன முறை ஒரு பேச்சு முடிந்ததும் பின்வரிசையிலிருந்து வயதான மீனவர் ஒருவர் எழுந்தார். "பெரிய கொடுவாவை அறுத்தா எல்லாம் சினையாவே இருக்கு. ஆண் மீன் எங்கேதான் போகுது?" ஆய்வாளர் சிரித்துவிட்டார். எங்கும் போகவில்லை, ஆணாக இருந்ததுதான் இப்போது சினையோடு நிற்கிறது என்றார். கொடுவா பெரும்பாலும் முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும். ஆற்றில் வளர்ந்தது, முட்டையிட முகத்துவாரத்தின் உப்புநீருக்கு இறங்கி வரும். "அப்போ பெருசை மட்டும் பிடிச்சா முட்டை போட ஆளே இருக்காதே" என்று கணக்கை முடித்தவர் அந்தப் பெரியவர்தான். அப்புறம் கூட்டம் கலைய வெகுநேரம் ஆனது.

இந்த ஆண்டு விலாங்குக்கு ஒரு மாலை முழுவதும் ஒதுக்கியிருக்கிறோம். ஐரோப்பிய ஆறுகளில் வளரும் விலாங்கு எங்கே பிறக்கிறது என்று தேடிய டென்மார்க் ஆய்வாளர் யோகன்னஸ் ஷ்மிட், 1904இல் அட்லாண்டிக்கில் அதன் இளம் குஞ்சு ஒன்றைப் பிடித்தார். குஞ்சு சிறிதாக இருந்தால் பிறந்த இடம் பக்கம் என்று பொருள். இன்னும் சிறியது, அதைவிடச் சிறியது என்று தேடிக்கொண்டே போய், 1920களின் தொடக்கத்தில் அது பிறக்கும் இடமாக வட அட்லாண்டிக்கின் ஒரு பகுதியான சர்காசோ கடலைக் காட்டினார். அங்கே அது முட்டையிடுவதை யாரும் இன்னும் நேரில் பார்த்ததில்லை. எங்களுக்கு மிகப் பிடித்த கதை இதுதான்.

சரி, பணம் எதற்கு? பேச வருபவர்கள் சம்பளம் வாங்குவதில்லை. பயணச் செலவை நாம் கொடுக்க வேண்டும். ஒலிபெருக்கி வாடகை இருக்கிறது, போன ஆண்டு பாதிப் பேச்சைக் காற்று கொண்டுபோய்விட்டது. கண்ணாடித் தொட்டி ஒன்று வேண்டும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. அந்தக் கனத்தால் அது ஆற்றுநீருக்கு அடியில் புகுந்து ஆற்றுக்குள் ஏறுகிறது. நிறம் கலந்த உப்புநீரைத் தொட்டியில் ஊற்றினால் குழந்தைகளுக்கு அது ஒரு நிமிடத்தில் புரியும்.

எல்லாவற்றையும்விட அவசரம் நுண்ணோக்கி. இருப்பது ஒன்றே ஒன்று. நீண்ட முள்ளும் பெரிய கண்ணுமாக, நண்டு என்றே நம்ப முடியாத நண்டுக் குஞ்சைப் பார்க்க வரிசை நிற்கிறது. கடைசிப் பிள்ளை வருவதற்குள் விளக்குச் சூட்டில் குஞ்சு செத்துவிடுகிறது. இன்னும் 2 வேண்டும்.

தொகை எவ்வளவானாலும் சரி, பொருளாளர் ரசீது தருவார். வரவு செலவைக் கடைசி மாலையில் எல்லார் முன்னும் வாசிப்போம். யார் பேச வேண்டும், என்ன பேச வேண்டும் என்ற நிபந்தனையோடு வரும் பணத்தை மட்டும் வாங்க மாட்டோம். பணம் முடியாதவர்கள் பழைய நுண்ணோக்கியோ நாற்காலிகளோ இரவல் தந்தாலும் போதும். முதல் பேச்சுக்கு ஒரு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
கோடைப் பேச்சுக் குழுவினர்