பழைய வீட்டை இடிக்கப்போகிறவர்களுக்கு ஒரு கடைசல்காரனின் மடல்

ஐயா, அம்மா,

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே பூர்வீக வீடு வைத்திருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். இப்போது சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பீர்கள். பாகம் பிரித்தாகிவிட்டது, தை பிறந்ததும் இடித்துவிடலாம் என்று பேசி முடித்திருப்பீர்கள். இடிக்காதீர்கள் என்று சொல்ல எனக்கு என்ன பாத்தியதை? நாட்டு ஓடு மாற்ற ஆள் கிடைக்காத அவதி எனக்கும் உண்டு. ஐப்பசி வந்தால் எங்கள் தாழ்வாரத்திலும் மூன்று இடத்தில் குண்டான் வைக்கிறோம். உங்கள் கூடத்துக் கூரையைத் தாங்குகிற உத்தரத்தைப் பற்றி மட்டும்தான் எனக்குப் பேச்சு.

மரத்தைச் சுழலவிட்டு உளியால் செதுக்குகிற கடைசல் பட்டறை எங்களுடையது. அப்பா காலத்தில் அங்கே கட்டில் கால், தொட்டில் கம்பு, மத்து, பம்பரம், சொப்பு எல்லாம் கடைந்தோம். இப்போது மத்து கேட்டு மாதத்துக்கு ஒருவர் வந்தால் அதிசயம். பட்டறை ஓடுவது நாகஸ்வரத்தால். முழு வாத்தியமும் செய்கிறவன் இல்லை நான். ஏழு விரல் துளையும், கீழே மெழுகு வைத்து அடைக்கிற ஐந்து துளையும் போட்டுச் சுருதி சேர்ப்பது நரசிங்கம்பேட்டை ஆசாரிமார் தலைமுறையாகக் காத்து வரும் வித்தை. கட்டை தேடிப் பிடித்து, உருட்டி, நடுவே குடைந்து கொடுப்பதோடு என் வேலை முடிந்தது.

அந்த ஊர் நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பக்கத்துத் திருவாவடுதுறை நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆசாரி பாரி என்ற நீள நாகஸ்வரம் செய்து கொடுத்த கதை, உச்சத்தில் அலறிய திமிரி என்ற குட்டைக் குழல் போய் இரண்டு இரண்டரைக் கட்டைச் சுருதியில் கனமாகப் பேசும் குழல் வந்த கதை, எல்லாவற்றையும் அப்போது மறுபடி பேசினார்கள். இதற்கு மரம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்டதாக என் காதில் விழவில்லை. உங்கள் வீட்டு உத்தரத்திலிருந்துதான் வருகிறது.

உலவு, அதாவது குழல் பகுதி, ஆச்சா மரம். கீழே பூ மாதிரி விரிகிற அணசுக்கு வாகை. (போனில் "ஆச்சா இருக்கா?" என்று கேட்டால் "ஐயோ, என்ன ஆச்சு?" என்று பதறுகிறார்கள். இந்த மரத்துக்கு வேறு பேர் வைத்திருக்கலாம்.) ஆச்சா நம் வண்டல் மண்ணின் மரமில்லை, சேலம், தருமபுரிப் பக்கத்து வறண்ட காட்டு மரம். தண்ணீரில் போட்டால் மிதக்காது, அமிழ்ந்துவிடும். அத்தனை கனம்.

புதுக் கட்டை வாங்கிக் கடைந்தால் என்ன என்பீர்கள். கடைந்து பார்த்துவிட்டேன். ஈரம் உள்ளே இருக்கிற மரம் காயக் காய முறுக்கும். துளை மயிரிழை கோணினாலும் சுருதி போச்சு. ஊதுகிறவர் மூச்சின் ஈரம் வேறு உள்ளே படும். உங்கள் உத்தரம் எழுபது எண்பது வருஷம் அடுப்புப் புகையிலும் சித்திரை வெக்கையிலும் கிடந்து, முறுக்க வேண்டியதையெல்லாம் முறுக்கித் தீர்த்துவிட்டது.

சின்ன வயதில் எனக்குக் கயிறு இழுக்கிற வேலை. கட்டையில் சுற்றிய கயிற்றை மாற்றி மாற்றி இழுப்பேன்; ஒரு தடவை அப்பா பக்கம் சுழலும், மறு தடவை எதிர்ப்பக்கம். தன் பக்கம் சுழலும்போது மட்டும்தான் உளி வெட்டும். திரும்பும்போது ஒரு நூல் பின்வாங்க வேண்டும். அப்பா அதைப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே செய்வார். மோட்டார் போட்டு இருபது வருஷம் ஆகியும் என் கை இன்னும் பின்னே போகப் பார்க்கிறது. கடைசியில் மெருகுக்கு, உதிர்ந்த சுருளையே ஒரு பிடி அள்ளிச் சுழலும் கட்டையில் அழுத்துவேன். கருஞ்சிவப்பாக ஒரு பளபளப்பு எழும். அதற்காகத்தான் இந்தத் தொழிலில் இருக்கிறேன் என்பாள் என் மனைவி. கூலிக்காக இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முன் குத்தாலம் பக்கம் ஒரு வீடு இடிந்தது. நான் போய்ச் சேர்வதற்குள், லாரியில் ஏற்றத் தோதாக உத்தரத்தை ஒன்றரை அடித் துண்டுகளாக அறுத்துவிட்டார் இடிப்பு எடுத்தவர். பாரி நாகஸ்வரம் அணசோடு சேர்த்தால் இரண்டரை அடியைத் தாண்டும். ஒன்றரை அடியை வைத்து நான் என்ன செய்ய? அத்தனையும் விறகுக்குப் போயிற்று. சுவரில் சிக்கி நின்ற நாலடித் துண்டு ஒன்றுதான் தப்பியது.

பச்சைப் பெயிண்டைச் சுரண்டிப் பட்டறையில் ஏற்றினேன். மேல்தோல் போனதும் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு நீலம் பாய்ந்த கறுப்புக் கறை. இரும்பு தங்கிய இடத்தில் மரம் அப்படித்தான் கறுக்கும். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆசை விடவில்லை. குடையும்போது கம்பி எதிலோ மோதியது, கட்டை நீளவாக்கில் பிளந்தது. இரண்டு நாள் வேலை. உள்ளே தலை அறுபட்ட ஆணி. அந்த வீட்டு அம்மாவிடம் கேட்டேன். "தொட்டில் கொக்கி தம்பி. நாலு பிள்ளையும் அதுலதான் தூங்கிச்சு. மின்விசிறி மாட்டறப்ப அறுத்தாங்க" என்றார். பிளந்த கட்டையில் நாலு பம்பரம் கடைந்து, கறை தெரிகிற மாதிரியே, அவர் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஆகவே, கடப்பாரை விழுவதற்கு முன் பட்டறைக்காரன் ஒருவனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஆச்சாவா தேக்கா என்று ஓரத்தைச் சுரண்டிப் பார்த்து அவன் சொல்வான். இலவசமாகக் கேட்கவில்லை; கன அடிக்கு இடிப்பவர் தருவதைவிட ஒரு ரூபாயாவது கூடத் தருவோம். உத்தரத்தை மூன்றடிக்குக் குறையாமல் அறுக்கச் சொல்லுங்கள். ஆணி பிடுங்குகிறேன் என்று மரத்தைக் குதற வேண்டாம். ஊரில் இருக்கிற பாட்டியிடமோ அத்தையிடமோ தொட்டில் எங்கே கட்டினீர்கள் என்று மட்டும் கேட்டு, அந்த இடத்தில் ஒரு சாக்பீஸ் கோடு போட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கடைசல்காரன்