பேச்சு ஜெயித்தது, பென்சில்வேனியா தோற்றது

ஆசிரியருக்கு வணக்கம்.

2008 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது, இனப் பிரச்சினை பற்றி ஒபாமா பிலடெல்பியாவில் ஆற்றிய உரைதான் முடிவெடுக்காமல் இருந்த வாக்காளர்களைத் திருப்பியது என்று சென்ற இதழ்க் கட்டுரை சொல்கிறது. உரை நல்ல உரைதான். திருப்பியதா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

மருமகளின் பிரசவத்துக்காக நானும் என் மனைவியும் அப்போது பிலடெல்பியா பக்கத்தில், மகன் வீட்டில் இருந்தோம். பாதிரியார் ஜெரமையா ரைட் அமெரிக்காவைச் சபிக்கும் வீடியோ துண்டு டிவியில் ஓயாமல் ஓடியது. ஒபாமாவுக்குக் கல்யாணம் செய்துவைத்தவர் அவர். மார்ச் 18 அன்று ஒபாமா பேசினார். ரைட்டின் வார்த்தைகளைக் கண்டித்தார், ஆளை விட்டுக்கொடுக்கவில்லை. தன்னை வளர்த்த வெள்ளைக்காரப் பாட்டி, தெருவில் எதிரே வரும் கறுப்பர்களைக் கண்டு பயந்ததாகச் சொன்னவர். அந்தப் பாட்டியை எப்படி உதற முடியாதோ அப்படித்தான் இவரையும் என்றார். குழந்தைத் துணி மடித்துக்கொண்டிருந்த என் மனைவி நிறுத்திவிட்டாள். "சொந்தப் பாட்டியையா சபையில இழுக்கிறது?" என்றாள். எனக்கென்னவோ கண் கலங்கிவிட்டது.

பக்கத்து வீட்டு அம்மாள் டெமாக்ரட் கட்சிக்காரர். கட்சியின் அதிபர் வேட்பாளராக ஹிலாரியா ஒபாமாவா என்று ஊசலாடிக்கொண்டிருந்தார். மறுநாள் கேட்டேன். "அருமையாகப் பேசினார். ஆனால் இருபது வருஷம் அந்த ரைட்டோட சர்ச்சுக்குத்தானே போனார்?" என்றார். ஏற்கெனவே ஒபாமா பக்கம் சாய்ந்திருந்த என் மகனுக்கு, ஆபீஸில் யாராவது ரைட்டைப் பற்றிக் கேட்டால் சொல்ல ஒரு பதில் கிடைத்தது. அந்த அம்மாளுக்கு அவருடைய கேள்வி அப்படியேதான் இருந்தது.

வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஏப்ரல் 22 உட்கட்சித் தேர்தலில், பிலடெல்பியா இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தை ஹிலாரி சுமார் 9 சதவீத வித்தியாசத்தில் எடுத்துக்கொண்டார். சரி, இடையில் சிற்றூர்க்காரர்கள் கசப்பில் துப்பாக்கியையும் மதத்தையும் பிடித்துக்கொள்கிறார்கள் என்று ஒபாமா வாய் தவறியதும் உண்டு. அதனால் தோல்வியை அந்த உரையின் கணக்கில் எழுத மாட்டேன். வெற்றியையும் எழுதாதீர்கள் என்கிறேன். ஏப்ரல் 28-ல் ரைட் வாஷிங்டன் பிரஸ் கிளப்பில் மறுபடி வாயைத் திறந்தார். உதற முடியாது என்றவரை மறுநாளே ஒபாமா உதறினார். சரியாக ஆறு வாரம். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

நவம்பரில் பென்சில்வேனியா ஒபாமாவுக்கு வந்தது. பக்கத்து வீட்டு அம்மாளும் அவருக்கே போட்டாராம், மகன் போனில் சொன்னான். ஏன் என்று கேட்டதற்கு ரைட்டையும் சொல்லவில்லை, உரையையும் சொல்லவில்லை. செப்டம்பர் நிதி நெருக்கடியில் கரைந்துபோன தன் ஓய்வுக்காலச் சேமிப்பைத்தான் சொன்னாராம்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்